மூன்று மில்லி ஆட்டம்

அவளுக்கு மில்லி என்று பெயர் வைத்தது அவளுடைய சித்திதான். ஒரு நாள் தன் ரொட்டிக்கடையில் அவசரத்துக்குக் கேக் வெட்டித் தரச் சொன்னாள் சித்தி. அந்தப் பெண் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள், அளந்தாள், தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறுபடியும் அளந்தாள். எட்டுத் துண்டும் அச்சில் வார்த்த மாதிரிதான் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் கேக் கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். "ஏன்டி, ஒரு மில்லி கூடக்குறைய இருந்தா தொண்டையில இறங்காதா?" என்றாள் சித்தி. அன்று ஒட்டிய பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் யாராவது சொல்வார்கள்.

பள்ளியின் கடைசி வருடங்களுக்கு அவள் எடுத்திருந்த பாடம் பொறியியலும் உற்பத்தியும். மற்றப் பாடங்களுக்குப் புத்தகமும் பேனாவும் போதும். இதற்கு நீல மேல்கோட்டு, கண்ணுக்குக் கண்ணாடி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத இரும்பு வாசனை எல்லாம் வேண்டும். அவளுடைய அப்பா டவுன் பஸ் டிரைவர். "என் பொண்ணு எஞ்சினீயரிங் படிக்கிறா" என்று அவர் கண்டக்டரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். கண்டக்டர் அதை டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துப் பஸ் முழுக்கக் கொடுத்துவிட்டார்.

படிப்பு என்னவோ நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எழுத்துத் தேர்வு வரும்வரை. முதல் கேள்வியில் ஒரு போல்ட்டை வரையச் சொல்லியிருந்தார்கள். சுமாராக வரைந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற ஜென்மமா அது? மரையை ஒவ்வொரு சுற்றாக, பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தாள். கடைசி இரண்டு கேள்விகளைப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. போல்ட்டுக்கு முழு மதிப்பெண். பேப்பருக்குச் சுமார்.

அவள் ஆசைப்பட்டது தொழிற்பயிற்சிக் கல்லூரியில் கருவி செய்யும் பிரிவு. மற்ற இயந்திரங்களைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளையே செய்கிற இடம். மில்லியை நூறாகப் பிரித்து அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அங்கே சேர எழுத்தும் செய்முறையும் சேர்த்து நூற்றுக்கு எண்பது வேண்டும். எழுத்தில் விட்டதைச் செய்முறையில் பிடித்தால்தான் உண்டு. ஒரு மார்க் குறைந்தாலும் கதவு சாத்தியதுதான்.

செய்முறை என்பது இதுதான்: நிஜமான ஒரு ஆளுக்கு, நிஜமான ஒரு தேவைக்கு, ஒரு பொருளை வரைந்து, செய்து, அவர்கள் இடத்திலேயே வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். வகுப்பில் பாதிப் பேர் போன் வைக்கும் ஸ்டாண்டு செய்தார்கள். மில்லி சித்தியிடம் போனாள்.

சித்தியின் ரொட்டிக்கடை அகலத்தில் ஒரு பஸ் அளவுகூட வராது. முன்னால் கல்லா, பின்னால் ஓவன், நடுவில் சித்தி. அவள் இந்தப் பக்கம் திரும்பினால் வியாபாரம், அந்தப் பக்கம் திரும்பினால் அடுப்பு. ஓவனிலிருந்து எடுத்த ட்ரேக்களை வைக்க இடம் கிடையாது. ஒன்று மாவு மூட்டை மேல் இருக்கும், ஒன்று ஸ்டூல் மேல், ஒரு தடவை ஒன்று பில் போடும் மெஷின் மேலேயே உட்கார்ந்து, மெஷின் அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

"உங்களுக்கு என்ன மாதிரி வேணும் சித்தி? சரியா சொல்லுங்க" என்று மில்லி பேனாவைத் திறந்தாள்.

"ட்ரேயை எடுத்தேனா, திரும்பிப் பாக்காம ஒரே தள்ளுல தள்ளினேனா, அது பாட்டுக்கு உள்ள போய் உக்காரணும். எனக்கு முதுகுல கண்ணு இல்ல பாரு."

"அளவு ஏதாவது?"

"அளவு உன் பாடு. எனக்குக் கை சுடக் கூடாது, அவ்வளவுதான்."

ஓவனுக்குப் பக்கத்துச் சந்தில் நிற்கிற மாதிரி ஒரு இரும்பு ரேக். நாலு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கமும் எல் வடிவ ஆங்கிள், அதன் மேல் ட்ரே வழுக்கிக்கொண்டு போகும். வரைபடத்தைப் பட்டறை டீச்சர் பார்த்து, ட்ரேயின் அகலத்தைவிட ரேக்கின் உள் அகலம் மூன்று மில்லி கூட இருக்கட்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மில்லி அப்படியே வரைந்தாள். அறுத்தாள், அராவினாள், துளை போட்டாள், போல்ட் போட்டு முடுக்கினாள். கையில் இரண்டு கொப்புளம். சித்தியிடம் இரவல் வாங்கி வந்த ட்ரேயைப் பட்டறையில் வைத்துத் தள்ளிப் பார்த்தபோது அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போனது.

மில்லிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆடுதே டீச்சர்."

"ஆடட்டும். மூணு மில்லி ஆட்டம் நீ வரைஞ்சதுதானே?"

"நீங்க சொன்னீங்கன்னு வரைஞ்சேன்."

"அப்ப நான் சொன்னேன்னே விட்டு வை. எதுக்குன்னு யோசிச்சு, கடைசி அறிக்கையில நீயே எழுது." அதற்குள் இன்னொரு பையன் டிரில்லை உடைத்துவிட்டான், டீச்சர் அங்கே ஓடினார்.

பெண் யோசித்தாளா? யோசித்தாள், ஆனால் வேறு மாதிரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அது. டீச்சருக்குப் பையன்கள் கோணலும் மாணலுமாக அராவித்தான் பழக்கம், அதற்காக மூன்று மில்லி விடச் சொல்கிறார், என் வேலைக்கு எதற்கு அது என்று முடிவு கட்டினாள். மறுநாள் ரேக்கைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் கைகழுவப் போன நேரத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, ஆங்கிளுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு மில்லி கனத்தில் ஒரு வாஷரைச் செருகினாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்று மில்லி ஆட்டம் ஒரு மில்லியாகச் சுருங்கியது. ட்ரேயைத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. அதன் அழகுக்காகவே ஏழெட்டுத் தடவை தள்ளித் தள்ளி இழுத்தாள்.

ரேக் கடைக்கு வந்தபோது அன்றைய ரொட்டி வேலை முடிந்து ஓவன் ஆறிக் கிடந்தது. சித்தி கழுவி வைத்த ட்ரேயை எடுத்துத் திரும்பாமல் தள்ளினாள். உடனே திரும்பிப் பார்த்தாள்.

"போச்சாடி?"

"போயிடுச்சே சித்தி. சத்தம் கேக்கல பாத்தீங்களா?"

"ஆமா, போச்சா இல்லையான்னே தெரியல." மில்லி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார். குட்டையான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் டேப்லெட். மில்லி வரைபடத்தைக் காட்டினாள், எந்த இரும்பு, ஏன் அந்த இரும்பு என்றெல்லாம் ஒப்பித்தாள். அவர் ரேக்கைத் தட்டிப் பார்த்தார், அராவிய விளிம்பை விரலால் தடவினார், "ம்" என்றார். ஓவனில் பன் வேகிற வாசனை கடையை நிறைத்தது. அப்பா மதியம்தான் டியூட்டி என்று, இஸ்திரி போட்ட சட்டையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா வேலைக்குப் போன இடத்திலிருந்து என்ன ஆச்சு என்று மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, காரை வழியை மறித்து விட்டிருக்கிறீர்கள் என்று யாரோ வெளியிலிருந்து சத்தம் போட, "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று அதிகாரி வெளியே போனார். ஓவன் மணி அடித்தது. பன் யாருக்காகவும் காத்திருக்காது. சித்தி கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள், கொதிக்கக் கொதிக்க ட்ரேயை எடுத்தாள், திரும்பிப் பார்க்காமல் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

ட்ரே கால்வாசி போய் நின்றது. பன்கள் எம்பிக் குதித்தன. ஒன்று உருண்டு அப்பாவின் இஸ்திரிச் சட்டை மேல் விழுந்தது. சித்தியின் முன்கை ட்ரே விளிம்பில் பட்டு, அவள் "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

மில்லி ஓடி வந்து தள்ளினாள். அசையவில்லை. இழுத்து நேராக வைத்துத் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை. நேற்று வெண்ணெயாகப் போன ட்ரே இன்று அடம்பிடித்த கழுதை மாதிரி நின்றது.

"விடு, நான் பாக்கிறேன்" என்று அப்பா வந்தார். பஸ் கியர் போடுகிற கையால் ஒரு நெட்டு நெட்டினார். நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்று, வியர்வையைத் துடைத்து, மறுபடியும் நெட்டினார். விரற்கடை உள்ளே போனது. "இங்க பாரு, போகுது. ஆற ஆறப் போகுதும்மா."

ஆற ஆற. அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் மில்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலோகம் சூட்டில் விரியும், இரும்பைவிட அலுமினியம் இரண்டு பங்கு விரியும், ட்ரே அலுமினியம். இந்தக் கேள்விக்கு அவள் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள். ஆனால் பரீட்சையில் தண்டவாளத்தைப் பற்றித்தானே கேட்டார்கள், பன் ட்ரேயைப் பற்றி ஒரு பாவியும் கேட்கவில்லையே. டீச்சர் விட்டு வைக்கச் சொன்ன மூன்று மில்லி இதற்குத்தான். அதை வாஷர் போட்டு அடைத்த புத்திசாலி இதோ நிற்கிறாள்.

"அப்பா, எம்மேலதான் தப்பு. நான்தான்..."

"தப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஆறினா போகும்ல? அப்ப ஆறட்டும்." அப்பா ட்ரேயை வெளியே இழுத்து மேஜை மேல் வைத்துச் சித்தியைப் பார்த்தார். சித்தி அப்பாவைப் பார்த்தாள். இந்த இரண்டு பேரும் பதினைந்து வருடமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போனது கிடையாது. அன்று கண்ணாலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அதிகாரி உள்ளே காலை வைத்ததுதான் தாமதம். "சார், உக்காருங்க சார். முதல்ல ஒரு பன் சாப்பிடுங்க" என்று சித்தி ஸ்டூலைத் துடைத்தாள்.

"இல்லம்மா, வேலையை முடிச்சுட்டு..."

"சூடு ஆறிடும் சார்" என்றாள் சித்தி. அது ஆறத்தானே இத்தனை பாடு.

பன் வந்தது, வெண்ணெய் வந்தது, டீ வந்தது. அப்பா தன் பங்குக்கு, பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை எடுத்து விட்டார். வழக்கமாக ஒரு மேடு இருக்கிற கதையில் அன்று மூன்று மேடு வந்தது. அதிகாரி வாய் நிறையப் பன்னோடு தலையை ஆட்டிக் கேட்டார். சித்தி ஒரு பழைய அட்டையால் ட்ரேக்கு விசிறிக்கொண்டிருந்தாள், ஈ ஓட்டுகிற மாதிரி.

மில்லி மட்டும் சுவரோரம் நின்றாள். சித்தியின் முன்கையில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பியிருந்தது. சித்தி அதைத் துண்டால் மூடிக்கொண்டு விசிறினாள். மில்லிக்கு அழுகையாக வந்தது.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்று அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சித்தி ட்ரேயை எடுத்து, திரும்பாமல் ஒரே தள்ளு. சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தேவிட்டது. "பிரமாதம்" என்று அதிகாரி டேப்லெட்டில் விரலை வைத்தார். அப்பா மெதுவாக மூச்சு விட்டார்.

கருவி செய்யும் பிரிவு, எண்பது, மில்லியை நூறாகப் பிரிக்கிற அந்த மெஷின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் பொய் சொல்லக்கூட வேண்டாம்.

"சார், எழுதாதீங்க" என்றாள் மில்லி.

"சும்மா இருடி" என்று சித்தி வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"ட்ரே ஆறிப்போனதால உள்ள போச்சு சார். சூட்டோட போகாது. நீங்க வெளிய போனப்ப தள்ளினோம், மாட்டிக்கிச்சு. சித்தி கையில சுட்டுடுச்சு."

அதிகாரி அவளைப் பார்த்தார், காலியான பன் தட்டைப் பார்த்தார், அட்டையும் கையுமாக நின்ற சித்தியைப் பார்த்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் அதிகாரி.

"நீங்க இன்னைக்கு ஒரு நாள் வருவீங்க சார். சித்தி தினமும் தள்ளணும்."

அதிகாரி டேப்லெட்டை மாவு மூட்டை மேல் வைத்தார். "என்ன காரணம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். காரணம் நான்தான்."

அடுத்த ட்ரே ஓவனில் தயாராக இருந்தது. அதை எடுக்கச் சொல்லி, மில்லி நீள இரும்பு ஸ்கேலை வைத்து, கையுறையோடு அளந்து காட்டினாள். ஆறிய ட்ரேயைவிட இந்த ட்ரே கிட்டத்தட்ட இரண்டு மில்லி அகலம் கூட. ரேக்கில் தான் விட்டிருக்கிற ஆட்டம் ஒரு மில்லி. வரைபடத்தில் மூன்று இருந்ததையும், அழகுக்காகத் தானே வாஷர் போட்டுக் குறைத்ததையும், டீச்சர் விட்டு வைக்கச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் கணக்குப் போடும்போது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அந்தக் கூத்தை என்ன சொல்ல.

"இப்ப சரிபண்ண முடியுமா? ஒரு தட்டு மட்டும் போதும்" என்றார் அதிகாரி.

பையில் ஸ்பேனர் இருந்தது. நாலு போல்ட்டைக் கழற்றினாள், நாலு வாஷரை உருவினாள், மறுபடி முடுக்கினாள். அப்பா கேட்காமலே வந்து ஆங்கிளைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மூன்றாவது ட்ரேக்கு மணி அடித்தது. சித்தி கதவைத் திறந்து எடுத்தாள். கல்லாவில் ஒருவர் ரொட்டி கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, பின்பக்கமாகத் தள்ளினாள்.

கடகடகட, டங்.

மில்லி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மில்லியும் சேர்ந்து ஆடுகிற அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. ஆனால் சித்தி திரும்பவே இல்லை. ரொட்டியைச் சுற்றிக் கொடுத்து, சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, அப்படியே நின்றபடி சொன்னாள்: "ம், போயிடுச்சு."

"எப்படிம்மா தெரியும்? நீங்க பாக்கவே இல்லையே" என்றார் அதிகாரி.

"அதான் சத்தம் கேட்டுச்சே சார். நேத்து இதுக்குச் சத்தமே இல்ல, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்க வேண்டியிருந்துச்சு. இப்பதான் நான் கேட்ட மாதிரி இருக்கு."

அதிகாரி டேப்லெட்டை எடுத்து நிறைய எழுதினார். என்ன எழுதினார் என்று அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. மதிப்பெண்ணை நான் சொல்லக் கூடாது, பள்ளிக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், வாசலில் நின்று கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பன் இன்னொண்ணு கிடைக்குமா? இந்தத் தடவை கட்டிக் குடுங்க."

அவர் போனதும் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "மூணு மேடு ஏத்தினேனேம்மா, எல்லாம் வீணா." அப்புறம் அவரே அவள் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டு டியூட்டிக்குப் போனார். மில்லி மிச்ச வாஷரையும் அன்றைக்கே உருவிப் போட்டாள். டீச்சரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "சரி, அறிக்கையில எழுத இப்ப உனக்கு விஷயம் இருக்கு" என்றார் டீச்சர், அவ்வளவுதான். அந்த அறிக்கையை மில்லி எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள்.

முடிவு வருவதற்குள் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா இரண்டு தடவை ஸ்டாப்பில் நிற்காமல் போய்ப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அம்மா உப்பில்லாமல் சமைத்தாள், யாருக்கும் தெரியவில்லை. வாய் திறந்து குற்றம் சொல்ல வேண்டிய சித்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மில்லிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

முடிவு வந்த அன்று அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. கடையில் கூட்டம். சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு ஓவனுக்குள் தலையை விட்டிருந்தாள். கொதிக்கிற ட்ரேயை எடுத்தாள், திரும்பாமலே தள்ளினாள். கடகடகட, டங்.

"எவ்வளவுடி?" என்றாள், அப்போதும் திரும்பவில்லை.

"எண்பத்தி மூணு சித்தி."

சித்தி அப்போதுதான் திரும்பினாள். கையுறையைக் கழற்றாமலே அவள் கன்னத்தைப் பிடிக்க வந்து, சூடு ஞாபகம் வந்து, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குரலை உயர்த்தினாள்.

"எண்பத்தி மூணா? மிச்சம் பதினேழு எங்க போச்சு?"

மில்லி ரேக்கைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அது ஆட்டத்துக்கு விட்டது சித்தி."